கோரைப்பாக்கத்தின் சமநிலை வடிகால்

மனித குலம் இதுவரை எத்தனையோ வடிகால்களை வெட்டியிருக்கிறது. அவையெல்லாம் தண்ணீரை மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கொண்டுபோகிற சாதாரண வேலையைத்தான் செய்துவந்தன. போகிற தண்ணீரை மரியாதையாக நிறுத்தி, ஒரு பருவம் முழுக்க உபசரித்து வைத்துக்கொண்ட முதல் வடிகால் எங்கள் கோரைப்பாக்கத்தில்தான் கட்டப்பட்டது. ஊர்ப் பாசத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோரைப்பாக்கம் வடிகால் பயன்பெறுவோர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் முழுப் பொறுப்போடு சொல்கிறேன்.

கோரைப்பாக்கம் திண்டிவனத்துக்கும் ஒலக்கூருக்கும் நடுவில், இரண்டு பக்கத்து மழைநீரும் ‘போதும், இங்கேயே இறங்கிவிடலாம்’ என்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறது. நான் திண்டிவனத்தில் பஸ் நிலையத்தையொட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் கொடுத்ததை ஒரு புள்ளி மாறாமல் திருப்பிக் கொடுப்பது என் தொழில். சங்கத்துக்கு அப்படிப்பட்ட செயலாளர்தான் வேண்டும் என்று அதிகாரிகள் விரும்பினார்கள். ஊரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

சங்கத்தின் உறுப்பினர்களில் முக்கியமானவர் அமல்ராணி. ஊரிலேயே தாழ்வான ஒன்றரை ஏக்கர் அவருடையது. அவர் அப்பா கல்யாணத்தின்போது எழுதிக்கொடுத்தது. அதில் விளையும் நெல்தான் அவர் வீட்டின் வருஷச் சாப்பாடு. அவருக்கு ஒரு கணவரும் இருக்கிறார். கணவரின் கடை வருமானம் குழம்புச் செலவுக்குச் சரியாகப் போய்விடும். அந்தக் கணவர் நான்.

அமல்ராணியின் நிலத்துக்கு மேல்பக்கம் முருகையனின் நிலம். அவர் என் மனைவியைத் ‘தங்கச்சி’ என்பார். அதனால் எனக்கு மச்சான். இரண்டு நிலங்களுக்கும் நடுவில் ஒரு ஓடை இருந்தது. ஒரு காலத்தில் மாட்டு வண்டியை இறக்கிக் கழுவும் அகலம் இருந்ததாம். ஏர் ஓட்டும்போது முருகையன் வருஷா வருஷம் தன் பக்கம் ஒரு சால் கூடுதலாக ஓட்டினார். அவர் ஓட்டிவிட்டாரே என்று அமல்ராணி இந்தப் பக்கம் ஒரு சால். இப்படி இரு தரப்பும் சண்டையே இல்லாமல், அண்ணன் தங்கையாக ஓடையைச் சாப்பிட்டு முடித்தார்கள். கடைசியில் ஒரு வெள்ளாடு நடையை மாற்றாமலே அதைத் தாண்டிப் போனது. அந்த வருஷத்து மழையில் இரண்டு நிலங்களும் ஒன்றாக முழுகின.

“தங்கச்சி, ஓடையக் காணோமே!” என்றார் முருகையன்.

“ஆமாண்ணே. யாரு எத்துக்கினு போனாங்கன்னே தெரியல” என்றாள் அமல்ராணி.

இருவரும் சேர்ந்து போய் மனு கொடுத்தார்கள். 2009-ஆம் ஆண்டு தொடக்கத்தில் திட்டம் வந்து இறங்கியது. ‘உற்பத்தித்திறன் மற்றும் சுற்றுச்சூழல் சமநிலை ஒருங்கிணைந்த வயல் வடிகால் மேம்பாட்டுத் திட்டம்’ என்பது அதன் பெயர். பலகையில் எழுத வந்த பெயிண்டர் ‘ஒருங்’ வரை வந்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவ்வளவு பெரிய திட்டம்.

திட்டத்துக்கு இரண்டு கண்கள். உற்பத்திக் கண் ஞானராஜ். விழுப்புரத்துக்காரர், இளம் பொறியாளர். வயலில் நிற்கும் தண்ணீர் அவருக்கு ஜென்ம விரோதி. சுற்றுச்சூழல் கண் சகாய பிரியா. திண்டிவனத்துப் பெண், புதுச்சேரியில் மேல்படிப்பு படித்தவர். ஓடிப்போகும் தண்ணீர் அவருக்கு ஜென்ம விரோதி. இப்படிப்பட்ட இருவரை ஒரே வேலையில் போட்ட மேலதிகாரி யாராக இருந்தாலும் அவர் ஒரு தீர்க்கதரிசி.

முதல் கூட்டம் அந்தோணியார் கோவில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நடந்தது. ஞானராஜ் வரைபடத்தை விரித்தார்.

“பெய்யற மழை ஒரே நாள்ல வெளிய போயிடணும். நேரா வெட்டினா போயிடும்.”

“எங்க போவும் சார்?” என்றார் சகாய பிரியா.

“ஏரிக்கு.”

“ஏரி ரொம்பினா?”

“அது என் திட்டத்துல வராது மேடம்.”

“கொக்கு, தவளை, நத்தை, கிணத்து ஊத்து… இதெல்லாம் யாரு திட்டத்துல வரும்?”

“அதுங்கல்லாம் சங்கத்துல மெம்பரா மேடம்?”

“உங்களுக்கு வேண்டியது வடிகாலு இல்ல சார், குழாய். வாங்கிப் போட்டுட்டுப் போங்க!”

ஊர் வாய் பிளந்து பார்த்தது. ஞானராஜுக்கும் கைதட்டினோம். சகாய பிரியாவுக்கும் கைதட்டினோம். நான் இருவருக்கும் ஒரே சத்தத்தில் தட்டினேன். செயலாளர் நடுநிலை தவறக்கூடாது.

அந்த ஒரு மாதமும் சண்டை ஓயவே இல்லை. அவர் போட்ட ஒவ்வொரு கோட்டையும் அந்தப் பெண் சந்தேகமாகப் பார்த்தது. அந்தப் பெண் சொன்ன ஒவ்வொரு கொக்கையும் அவர் ‘எங்க, காட்டுங்க’ என்றார். அதன் விளைவாக வடிகால் சரியான அகலத்திலும் சரியான சரிவிலும் அமைந்துவிட்டது. நல்லவேளையாக நிலைமை அப்படியே நீடிக்கவில்லை.

திருப்பம் ஒரு மதியச் சாப்பாட்டில் வந்தது. அதிகாரிகளுக்குச் சங்கம் சார்பில் உணவு. சங்கம் சார்பில் என்றால் அமல்ராணி சமைப்பாள். அன்றைக்குக் கெளுத்திக் குழம்பு. ஞானராஜ் முதல் வாய் வைத்தார். இரண்டாவது வாய் வைத்தார். தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

“இந்த மீனு ஓடுற தண்ணியில இருக்காது சார். சேத்துல, நின்ன தண்ணியிலதான் இருக்கும்” என்றார் சகாய பிரியா, முள்ளை எடுத்துக்கொண்டே.

ஞானராஜ் தன் வாழ்க்கையில் முதல் முறையாக நின்ற தண்ணீரைப் பற்றி நல்லவிதமாக யோசித்தார்.

“நின்ன தண்ணியிலயும் நல்லது இருக்கும்போல மேடம்.”

சகாய பிரியா குனிந்துகொண்டார். முகம் குழம்பு நிறத்துக்கு வந்தது. “ஓடுற தண்ணியும் அழகுதான் சார்” என்றார் மெல்ல.

நான் இதைக் கூட்டக் குறிப்பில் ‘துறைகளுக்கிடையே புரிந்துணர்வு ஏற்பட்டது’ என்று பதிவு செய்தேன்.

மிச்சம் இருந்தது ஒரு சின்ன வேலைதான். அமல்ராணியின் நிலம் முடியும் இடத்தில் வடிகாலின் குறுக்கே ஒரு தடுப்புச்சுவர் வேண்டும். வயலில் நிற்கும் நீர் அதன்மேல் வழிந்து ஏரிக்குப் போய்விடும். வடிகாலுக்குள் மட்டும் கொஞ்சம் தங்கும். அது கொக்குக்கும் கிணற்றுக்கும். சுவர் எவ்வளவு உயரம் என்பதை முடிவு செய்யக் கூட்டம் போட்டோம். கோரைப்பாக்கத்தின் வரலாற்றில் அதைப் போன்ற பேரம் நடந்ததில்லை.

“ரெண்டு வரி செங்கல் போதும் சார்” என்றார் சகாய பிரியா.

“ரெண்டு வரியா? உங்க கொக்குக்குக் கால்கூட நனையாது மேடம். மூணு வெச்சுக்கலாம்.”

“வேணாம் சார். உங்க வேலை கெட்டுடும்.”

“கெட்டா கெட்டுட்டுப் போவுது. நாலு.”

“நீங்க நாலு குடுக்கும்போது நான் சும்மா இருக்கறதா? கரையில மரம் வெக்கணும்னு கேட்டிருந்தேன்ல, அது வேணாம். உங்க ஜேசிபி வந்துபோக வழியா வெச்சுக்குங்க.”

“மரம் வேணாமா? அப்ப அஞ்சு வரி.”

“ஐயோ சார்!”

“ஆறு. பேசாதீங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முருகையன் என் தொடையைக் கிள்ளினார். “இன்னா மச்சான், சுவரு ஏறிக்கினே போவுது?”

“அது ஒருங்கிணைப்பு” என்றேன்.

“ஒருங்கிணைப்பு கழுத்து மட்டும் வந்துடும்போலகீதே?”

அமல்ராணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சரியாக அதே நேரத்தில் சகாய பிரியா அவள் கையைப் பிடித்து, “அக்கா, நீங்க இல்லன்னா இந்தத் திட்டமே இல்ல” என்றார். அமல்ராணி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆறு வரித் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. யாரும் எதிர்க்காத தீர்மானத்தை எழுதும்போது கையெழுத்துகூட அழகாக வரும் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

திறப்பு விழா மே மாதம் நடந்தது. தலைமையிடத்திலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி வடிகாலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கறுப்பு ஷூவோடு நடந்தே பார்த்தார். ஒரு சொட்டு நீர்கூடத் தேங்கவில்லை என்று மேடையில் பாராட்டினார். அக்கினி வெயில். கைதட்டிய கைகள் வியர்வையில் ஒட்டிக்கொண்டன.

பிறகு நவம்பர் வந்தது. மழை வந்தது. எங்கள் பக்கத்து மழைக்குத் திட்டங்களைப் பற்றித் தெரியாது. பழைய வழக்கப்படியே பெய்தது. முருகையன் வயல் தண்ணீர் அமல்ராணி வயலில் இறங்கி, அமல்ராணி வயல் தண்ணீர் வடிகாலில் இறங்கி, ஆறு வரிச் சுவரில் முட்டி, ‘மேலே வழியில்லை’ என்று தெரிந்துகொண்டு வந்த வழியே திரும்பி வயலுக்குள் ஏறியது. நட்டுப் பச்சை பிடித்திருந்த பொன்மணி நெற்பயிர் இடுப்பு, கழுத்து, தலை என்று ஒழுங்காக முழுகியது.

“ஏங்க, பயிரு முழுகிப்பூட்ச்சு” என்று கடைக்கு போன் செய்தாள் அமல்ராணி. “இந்த வாரத்துக்குள்ள வடியலன்னா அழுவிடும்.”

“அவசரக் கூட்டம் போட்டுடலாம்.”

“கூட்டம் போட்டா தண்ணி வடியுமா?”

“தீர்மானம் போட்டா வடியும்.”

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்ட சத்தத்தில் எனக்குப் பஸ் நிலையத்து இரைச்சலும் கேட்கவில்லை.

ஞானராஜும் சகாய பிரியாவும் ஒரே பைக்கில், ஒரே மழைக்கோட்டுக்குள் வந்து இறங்கினார்கள். மழைக்கோட்டைப் பார்த்ததும் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுவரின் இந்தப் பக்கம் ஞானராஜும் அந்தப் பக்கம் சகாய பிரியாவுமாக நின்றார்கள்.

“மேடம், மேல நாலு வரிய எடுத்துட்டா வடிஞ்சுடும்னு அமல்ராணி அக்கா சொல்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?”

“நீங்க சொல்லுங்க சார். நீங்க ஆசையாக் கட்டினது.”

“உங்களுக்காகக் கட்டினது. நான் எப்படி இடிங்கன்னு சொல்லுவேன்?”

“எனக்காகக் கட்டினத நான் எப்படி சார் இடிங்கன்னு சொல்லுவேன்?”

முழங்காலளவு தண்ணீரில் நின்றிருந்த அமல்ராணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “யாராச்சும் ஒருத்தர் சொல்லித் தொலைங்க சாமி! நல்லா வருவீங்க!”

இருவரும் செயலாளரைப் பார்த்தார்கள். நான் தொண்டையைக் கனைத்து, “பொருள் மேலாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும்” என்றேன். எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். எல்லாரும் என்றால் தண்ணீருக்கு மேலே தலை இருந்தவர்கள்.

பயிர் அழுகியது. தண்ணீர் வற்றியபோது வயல் பழைய கஞ்சிபோல நாறியது. அந்த வருஷம் நாங்கள் ரேஷன் அரிசி சாப்பிட்டோம். அமல்ராணி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கல் பொறுக்குவாள். ஒவ்வொரு கல்லையும் நான் உட்கார்ந்திருக்கும் திசையில் போடுவாள். நிமிர்ந்து மட்டும் பார்க்க மாட்டாள்.

கொக்குகளும் வரவில்லை. கொக்கு கணுக்கால் தண்ணீரில் நின்று மீன் பிடிக்கிற பிராணி. எங்கள் வடிகாலில் நிற்க அதற்குக் கால் நீளம் போதவில்லை. ஆக, நெல்லும் இல்லை, கொக்கும் இல்லை. உற்பத்தியும் சுற்றுச்சூழலும் இவ்வளவு துல்லியமாக ஒன்றுக்கொன்று சமமாக வந்த திட்டம் வேறு எங்கும் இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதினேன். விழுப்புரத்துக்கு அழைத்துச் சங்கத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதை அமல்ராணி அரிசிப் பானைக்கு மூடியாக்கினாள். அளவு சரியாக இருந்தது.

கேடயம் வந்த மறுநாள் அவள் முருகையனை வரப்புக்கு அழைத்தாள்.

“அண்ணே, இதுங்க ரெண்டும் அடிச்சிக்கினு இருந்தப்ப வேலை ஒழுங்கா நடந்துது. மறுபடியும் சண்ட மூட்டி வுட்டாத்தான் சுவரு எறங்கும்.”

“பாவம் தங்கச்சி, சின்னஞ்சிறுசுங்க.”

“என் நெல்லு மட்டும் கெழவியா?”

முருகையன் ஒப்புக்கொண்டார். நேராகப் போய் ஞானராஜிடம், “சார், சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. மேடம் உங்க வடிகாலு சரிவே சரியில்லன்னு சொல்லிக்கினு திரியறாங்க” என்றார்.

ஞானராஜின் கண் கலங்கியது. “என் வேலைய எவ்ளோ கவனிச்சுப் பாக்குறாங்க பாருங்க!”

முருகையன் சளைக்காமல் சகாய பிரியாவிடம் போனார். “மேடம், சாருக்குக் கொக்குக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாதாம். தெரிஞ்சு இன்னா ஆவப்போவுதுன்னு சொல்றாரு.”

“அப்படியா சொன்னாரு? கொழந்த மாதிரி!” என்று சிரித்த சகாய பிரியா, அன்றைக்கே பறவைப் படப் புத்தகம் ஒன்றை வாங்கி அவருக்குப் பரிசளித்தார்.

“நம்மால ஆவாது தங்கச்சி” என்று முருகையன் திரும்பி வந்து துண்டை உதறினார். “ஒரே பேஜாராப் போச்சு. நான் போனதுக்கு அப்புறம்தான் இன்னும் நெருக்கமா இருக்குதுங்க.”

அமல்ராணி ஒரு புல்லைப் பிடுங்கிக் கடித்தபடி யோசித்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது.

“அப்ப ஒரே வழிதான் அண்ணே. கல்யாணம் பண்ணி வெச்சுடலாம். சண்ட தானா வரும்.”

சொல்லிவிட்டு அவள் ஏன் வரப்போரம் நின்ற என் பக்கம் திரும்பினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவள் வேலையில் இறங்கினால் அரசாங்கம் கற்றுக்கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் கோவிலில் கல்யாணம் வைப்பதில்லை. அது கழிந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, சாம்பல் புதனுக்கு முன் முடித்துவிட வேண்டும்; விட்டால் தவக்காலம், பிறகு ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும். நாற்று விடும் பருவத்தைக் கணக்குப் போடுவதுபோல் அவள் இந்த இடைவெளியைக் கணக்குப் போட்டாள். விழுப்புரம் போய்ப் பையன் வீட்டில் பேசினாள். திண்டிவனத்தில் பெண் வீட்டில் பேசினாள். ‘ரெண்டும் தங்கமான பிள்ளைங்க, ஒரு வார்த்த எதிர்த்துப் பேசாது’ என்று இரண்டு வீட்டிலும் உண்மையைச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே வயிறு எரிந்தது.

கல்யாணத்துக்கு ஊரே போனது. சங்கம் சார்பில் சுவர்க் கடிகாரம் கொடுத்தோம். முருகையன் மணமக்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா சண்ட… சந்தோசமா இருக்கணும் சார்” என்று வாழ்த்தினார். விருந்தில் பிரியாணி. கோரைப்பாக்கத்துக்காரர்கள் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏதாவது ஒன்றுக்கு முகம் சுளிக்கிறார்களா என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாதங்கள் போயின. விழுப்புரத்துக்கு யார் போனாலும் அமல்ராணி அவர்களிடம் துப்பு கேட்பாள். ஆடியில் உரம் வாங்கப் போன முருகையன் இருவரையும் ஒரு ஓட்டலில் பார்த்துவிட்டு வந்தார்.

“சண்ட போட்டாங்களாண்ணே?”

“பரோட்டாவப் பிச்சு ஊட்டி வுட்டுக்கினு இருக்காரு தங்கச்சி.”

“சீ, இன்னா ஆம்பள!” என்றாள் அமல்ராணி. வாழ்க்கையில் அவள் இவ்வளவு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் வேறு, எனக்குப் பரோட்டா பிடிக்கும்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் மனை வியாபாரம் சூடு பிடித்திருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் காரில் வந்து அமல்ராணியின் நிலத்தைப் பார்த்தார். “நெல்லு ஆவலன்னா இதுல இன்னாம்மா பண்ணப் போறீங்க? கல்லு நட்டு மனையாப் போட்டுடலாம்” என்றார். நான் அவரிடம் திட்டத்தின் சிறப்புகளைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் உற்சாகமாகக் கேட்டுக்கொண்டார். அமல்ராணி கேட்கவில்லை. வரப்பில் நின்று நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வருசம் ஒரு தபா நட்டுப் பாக்கறேன். இதுவும் போச்சுன்னா வந்து அளந்துக்குங்க” என்றாள்.

அக்டோபரில் நட்டாள். வழக்கமாகக் கூலிக்கு வரும் பெண்களோடு அவளும் சேற்றில் இறங்கி நட்டாள். ‘எங்க அப்பன் வீட்டு நிலம்’ என்று ஒரு வார்த்தை வாயால் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நாற்றையும் அப்படித்தான் நட்டாள்.

நவம்பரில் மழை தவறாமல் வந்து கூட்டத்தைக் கூட்டியது. தண்ணீர் சுவரில் முட்டித் திரும்பியது. பயிரின் நுனி மட்டும் வெளியே தெரிந்த நாளில் அதிகாரிகளுக்குத் தகவல் போனது.

வந்தார்கள். அதே பைக். இந்த முறை சகாய பிரியா ஓட்ட, ஞானராஜ் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கும்போதே, “குடைய என் கண்ணுக்கு நேராப் புடிச்சா நான் எப்படிங்க ஓட்டறது?” என்றார் சகாய பிரியா.

“நனையக்கூடாதேன்னு புடிச்சேன். அதுவும் தப்பா?”

அமல்ராணி என் கையை இறுகப் பிடித்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை. “வந்துடுச்சுங்க! சண்ட வந்துடுச்சு!”

முருகையன் ஓட்டமாகப் போய் அவர்களைச் சுவர் பக்கம் அழைத்து வந்தார். ஊரே பின்னால் திரண்டது. நடவுக்குக் கூலிக்கு வந்திருந்த வெள்ளையம்மாள் இடுப்புக் குழந்தையின் வாயைப் பொத்தினாள். சுவரைப் பார்த்ததும் இருவர் முகமும் கனிந்துவிட்டது. அவர்கள் காதலித்த இடம் அல்லவா?

“நீ சொல்லு பிரியா” என்றார் ஞானராஜ்.

“நீங்க சொல்லுங்க” என்றார் சகாய பிரியா.

“இல்ல, நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்.”

“உங்களுக்கு எது சம்மதமோ அதான் எனக்கும்.”

அமல்ராணி என் கையை விட்டாள். விறுவிறுவென்று முருகையனின் மோட்டார் கொட்டகைக்குள் போய்க் கடப்பாரையோடு வெளியே வந்தாள். புடவையை எடுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

“அமலா, இதுக்கு முறைப்படி சங்கத்தைக் கூட்டி…” என்று ஆரம்பித்தேன்.

“நவுருங்க.”

நகர்ந்தேன்.

முதல் குத்தில் சிமெண்டு மட்டும் தெறித்தது. இரண்டாவது குத்தில் ஒரு செங்கல் ஆடியது. முருகையன் தலைப்பாகையை அவிழ்த்துக் கரையில் போட்டுவிட்டுக் குதித்தார். “தங்கச்சி, நீ கீழ நெம்பு, நான் மேல புடிச்சித் தள்ளறேன்.” இவர்கள் இருவரும் ஒன்றாக மண்ணில் கை வைத்தது ஓடையைச் சாப்பிட்டதற்குப் பிறகு இதுதான். ஆறாவது வரி போனது. ஐந்தாவது வரி போனது. தண்ணீர் முதலில் தயங்கியது. இத்தனை நாள் உபசாரத்தில் அதற்கும் நடை மறந்திருந்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டதுபோல் சத்தம் கேட்டது. செம்மண் நிறத்தில் திரண்டு, சுவரின் மேலேறி, அந்தப் பக்கம் விழுந்து, ஏரியைப் பார்த்து ஓடியது. நான்காவதும் மூன்றாவதும் போனதும் அமல்ராணி கடப்பாரையை நிறுத்தினாள். இரண்டு வரி மிச்சம் இருந்தது.

வயலில் பயிரின் தோள் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து இடுப்பு தெரிந்தது. சேறு பூசிக்கொண்டு சாய்ந்திருந்தாலும் உள்ளே பச்சை இருந்தது. அமல்ராணி குனிந்து ஒரு தூரை நிமிர்த்திவிட்டு, அது நிற்கிறதா என்று கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றது.

இப்போது ஊர் அதிகாரிகளைப் பார்த்தது. அரசாங்கச் சுவர் இடிந்திருக்கிறது. செயலாளர் என்ற முறையில் நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். கணவன் என்ற முறையில் அதே அடியைத் திரும்ப முன்னால் வைத்தேன்.

ஞானராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் பெரிய நிம்மதி.

“நல்லதாப் போச்சுக்கா. ரெண்டு வரிக்கு மேல வெக்கக்கூடாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பிரியா மனசு கஷ்டப்படுமேன்னுதான்…”

சகாய பிரியா வெடுக்கென்று திரும்பினார். “உங்களுக்குத் தெரியுமா? எனக்கும்தான் தெரியும்! ஆழமா நின்னா கொக்கு வராதுங்க. நீங்க ஆசையாக் குடுத்தத எப்படி வேணாம்னு சொல்றதுன்னு…”

“எனக்குந்தான் தெரியும்” என்றார் முருகையன், காதில் போன தண்ணீரைத் தட்டிக்கொண்டே. “படிச்சவங்க பேசிக்கினு இருக்கச்சொல்ல நாம எதுக்கு நடுவுலன்னு வுட்டுட்டேன்.”

“கட்டச்சொல்லவே எங்களுக்குத் தெரியும்” என்றாள் வெள்ளையம்மாள். கூட்டத்தில் தலைகள் வரிசையாக ஆடின. ஊர் முழுக்க ஒரே கருத்து. அதுவும் ஆரம்பத்திலிருந்தே ஒரே கருத்து! சங்கத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய ஒற்றுமை வாய்க்குமா? என் உடம்பு சிலிர்த்தது. உடனே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். இந்த ஒருமித்த கருத்தைச் சூட்டோடு சூடாகப் பதிவு செய்துவிட வேண்டும்.

அமல்ராணி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கரையேறி வந்தாள். புடவையிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். கடைசியில் என் பேனாவைப் பார்த்தாள்.

“எழுதிக்குங்க” என்றாள். “எனக்கும்தான் தெரியும். நானும் வாய மூடிக்கினுதான் இருந்தேன். ஊர்ல இத்தினி பேரு இருக்கோம். சுவரு ஒசரம்னு நேரா வந்து சொன்னது அந்தத் தண்ணி ஒண்ணுதான். அதையும், மனு குடுக்க வந்த ஆளு மாதிரி, ரெண்டு வருசம் நிக்க வெச்சோம்.”